அடுத்த பூச்சுக்குக் காத்திருந்த சுவர்

மேஸ்திரியின் வலது தோள்பட்டையில் யாரோ ஆணி அடித்துவிட்டுப் பிடுங்க மறந்துபோன மாதிரி இருந்தது. கையைக் காதுக்கு மேலே தூக்கினால் ஆணி ஒரு சுற்றுத் திரும்பும். கீழே இறக்கினால் இருந்த இடத்திலேயே நிற்கும். ஐம்பத்தெட்டு வயதில் மூன்று மணி நேரம் ஒரே மூச்சாகச் சுவருக்குப் பட்டி இழுத்தால் வேறென்ன நடக்கும்?

ஆனாலும் மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு அடி அகலம், எட்டு அடி உயரம். வெள்ளை சிமெண்டில் குழைத்த பட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் தடவிய மாதிரி மெல்லிசாக ஏறியிருந்தது. தகடு போன தடம் ஒன்றுகூட இல்லை. பல்பைக் கையில் எடுத்துச் சுவரோரமாகப் பக்கவாட்டில் பிடித்தார். பூச்சுக்காரனுக்கு அதுதான் பரீட்சை. நேரே நின்று பார்த்தால் எந்தச் சுவரும் நல்ல சுவர்தான். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் மேடும் பள்ளமும் வாயைத் திறக்கும்.

இந்தச் சுவர் வாயைத் திறக்கவில்லை.

"என்ன மச்சான், இதுல முகம் பாத்து சவரம் பண்ணிக்கலாம் போலிருக்கே!" என்றபடி டீயோடு வந்தார் மாமா.

மாமா என்றால் மேஸ்திரிக்கு மச்சினன். மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். இந்த மருத்துவமனையின் புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் பொருத்துவது அவர்தான். வாசல் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது. விடிந்தும் விடியாமல் மேஸ்திரி கதவைத் தட்டியபோது, ஒரு கேள்வி கேட்காமல் திறந்துவிட்டவரும் அவர்தான். கேட்டிருக்கலாம்.

"அவ வந்து பாக்கட்டும் மாப்ளே. ஒண்ணும் சொல்லாதே. நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவளா பாக்கட்டும்."

"எட்டு மாசமா நீங்க அவகிட்ட ஒண்ணும் சொல்லாமத்தானே இருக்கீங்க. அதுல என்ன புதுசு?"

அது உண்மை. ஒரே மகள். வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள். டைல்ஸ் கடை வேலையை உதறிவிட்டு, படம் வரையப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து அப்பாவும் மகளும் பேசிக்கொள்வது அம்மா வழியாகத்தான். மூன்று பேரும் ஒரே அறையில் இருப்பார்கள். "அவளைக் கதவைச் சாத்தச் சொல்லு" என்பார் இவர். "சாத்தியாச்சுன்னு சொல்லும்மா" என்பாள் அவள். நடுவில் அம்மா, தபால்காரர் மாதிரி.

பத்து நாளைக்கு முன்னால்தான் அவளுக்கு இந்தச் சுவர் கிடைத்தது. நோயாளிகளோடு வருகிறவர்கள் காத்திருக்கும் கூடம். மருத்துவமனை நிர்வாகி சொன்னது இவ்வளவுதான்: இந்த ஒரு சுவரில் உன் இஷ்டப்படி செய், பிடித்திருந்தால் மேலே நாலு மாடிக் கூடமும் உனக்கு. அதற்கு மேஸ்திரி வீட்டில் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு சுவர். தேறினா அவ வழியில அவ போகட்டும். தேறலேன்னா முதல் தேதி டைல்ஸ் கடையில நிக்கணும்னு சொல்லு." அம்மா சொன்னாள். "சரின்னு சொல்லு" என்றாள் குருவி.

நிர்வாகி பார்க்க வருவது இன்று மாலை நாலு மணிக்கு.

முடிகிற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் தலை வைக்கக்கூடாது என்று குருவி சொல்லியிருந்தாள். யாரும் வைக்கவும் இல்லை. ஆனால் நேற்று மாலை அவள் தோழியிடம் ஃபோனில், "இன்னும் முடியலடி, என்ன பண்றதுன்னே தெரியல, பயமா இருக்கு" என்று சொன்னது அம்மா காதில் விழுந்துவிட்டது. அம்மா காதில் விழுந்தது மேஸ்திரியின் தட்டில் சோற்றோடு விழுந்தது. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ப் பட்டித் தகட்டைத் தேட ஆரம்பித்தார்.

காலையில் பல்பைப் போட்டுப் பார்த்தவருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

சாம்பல் நிறத்தில் சிமெண்ட் பூச்சு. அதன் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கீறல். பூச்சு வேலை தெரிந்தவர்கள் முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதைக் கீறிவிடுவார்கள். கீறல் இருந்தால்தான் அடுத்த பூச்சு பிடிக்கும்; இல்லாவிட்டால் மழைக்குப் பாளம் பாளமாகக் கழன்று வரும். கீறின சுவர் என்றால் பூச்சுக்காரன் கண்ணுக்கு ஒரே அர்த்தம்தான்: பாதி வேலை.

அதுவும் என்ன கீறல்! ஆயிரக்கணக்கில், ஒன்றை ஒன்று தொடாமல், வளைந்து, ஒதுங்கி, சேர்ந்து ஓடின. இவ்வளவு பொறுமையாகப் பிடிப்புக் கீறினவர்களை அவர் முப்பத்தாறு வருஷத்தில் பார்த்ததில்லை. 'இப்படிக் கீறிக்கிட்டிருந்தா எப்படி வேலை முடியும்?' என்று தலையில் அடித்துக்கொண்டார். முதல் பூச்சுப் போட்டுவிட்டாள். படம் வரைய மேலே வழவழவென்று வெள்ளைப் பூச்சு வேண்டும். அது அவளுக்கு வராது. அப்பாவைக் கேட்கவும் மனசு வரவில்லை. அதுதான் பயம்.

கேட்கவேண்டியதே இல்லை என்று சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கிவிட்டார்.

ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குருவி வந்தாள். தோளில் ஒரு பை, தலையில் கட்டிய துணி, நகக்கண்ணில் பத்து நாள் சிமெண்ட். வாசலிலேயே நின்றாள். பையை மெதுவாகக் கீழே வைத்தாள். நேரே சுவரிடம் போய் ஒரு விரலால் தொட்டாள். விரல் நுனியில் வெள்ளை ஒட்டிக்கொண்டது.

"என் சுவர் எங்க?"

"இதோ" என்றார் மேஸ்திரி. எட்டு மாதத்தில் அவளிடம் நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தை. "முடிச்சுட்டேன்."

"பத்து நாள்ப்பா."

அந்த 'ப்பா' காதில் விழுந்ததும் மேஸ்திரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மற்றது காதில் ஏறக் கொஞ்சம் நேரம் ஆனது. அதற்குள் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"அதுதான் வேலைப்பா. அந்தக் கோடுதான்."

"எந்தக் கோடு? கீறலா? கீறல் எப்படிம்மா வேலையாகும்? அது வேலைக்கு முன்னாடி."

"எனக்கு அதுக்குப் பின்னாடி எதுவும் இல்ல. அவ்வளவுதான். அதோட முடிஞ்சது."

மேஸ்திரி சுவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷத்தில் அவர் பூசியதிலேயே நல்ல பூச்சு இதுதான். அதுதான் இன்னும் மோசம்.

மாமா சத்தம் போடாமல் லிஃப்ட் பக்கம் நகர்ந்தார். "நாலாவது மாடியில ஒரு போல்ட்டு லூசா இருக்கு. நான் போய்..."

"மாமா! கதவைத் திறந்துவிட்டது யாரு?"

"எந்தக் கதவைக் கேக்குற? லிஃப்ட் கதவையா?"

"மாமா!"

"நான் சாவிக்காரன்மா. திறன்னா திறப்பேன். உள்ள போய் என்ன பண்றாங்கன்னு பாக்குறது என் உத்தியோகம் இல்ல" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் விளையாட்டை விட்டுவிட்டு அக்காவுக்கு ஃபோன் போட்டார்.

அம்மா நாலு தெரு தள்ளி ஒரு சலவை ஆலையில் வேலை செய்கிறாள். கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். ஈரக்கையை வழியெல்லாம் புடவையில் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறாள், முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

குருவி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அக்கா, அது தப்பான பதில்" என்றார் மாமா.

நடந்ததை அவர்தான் சொன்னார். அம்மாவுக்குத் தன் பங்கு எது என்று உடனே புரிந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக வேலைக்கு வந்தாள்.

"எத்தனை மணிக்குப் பூச ஆரம்பிச்சீங்க?"

"ஆறு இருக்கும்."

"கல்லாகிறதுக்கு எவ்வளவு நேரம்?"

"முழுசா இறுக ஒரு நாள். ஆனா உச்சிக்கு மேல தகடு உள்ள போகாது."

"அப்புறம் ஏன் ஆளாளுக்கு நின்னுக்கிட்டிருக்கீங்க? கறை பட்டா உடனே எடுக்கணும். காயவிட்டுட்டு அதுக்கு முன்னாடி நின்னு அழுதா போகுமா?"

"கறையா?" மேஸ்திரி நிமிர்ந்தார். "நான் பூசினது கறையா?"

"அவளுக்கு வேண்டாதது அவ துணியில இருந்தா அது கறைதான். சந்தனமா இருந்தாலும்."

மேஸ்திரி நகரவில்லை. தகடு கையில் இருந்தது. கை தொங்கியது. ஒழுங்காக நிற்கிற பூச்சை எடுத்துப் பழக்கமில்லாத கை அது. கோணலாக இருந்தால் எடுத்திருக்கிறார். வெடித்திருந்தால் எடுத்திருக்கிறார். நன்றாக இருப்பதற்காக ஒரு சுவரைச் சுரண்டியதில்லை.

"எடுக்கிறேன்" என்றார். "ஆனா ஒண்ணு கேக்குறேன், சொல்லு. கோவப்படாத. சுவர் கூரையைத் தாங்கும். கதவு திருடனைத் தடுக்கும். மாப்ளையோட லிஃப்ட் ஆளை மேல தூக்கும். உன் கோடு எதுக்கு?"

குருவி தலையைத் தூக்கினாள். இந்தக் கேள்வியை அவர் எட்டு மாதமாக அம்மா வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட அவளைப் பார்த்துக் கேட்டதில்லை.

"இங்க யாருப்பா வந்து உக்காருவாங்க? உள்ள ஆபரேஷன் நடக்கும். வெளிய அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம். ஃபோன்ல சார்ஜ் தீந்துடும். பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேசவும் பிடிக்காது. எதைப் பாப்பாங்க?"

"சுவத்தைத்தான்."

"உங்க சுவத்துல கண்ணு நிக்காது. வழுக்கிக்கிட்டு ஓடிடும்."

"அப்படித்தானேம்மா பூசணும்! கண்ணு நின்னா அங்க ஏதோ தப்புன்னு அர்த்தம். மேஸ்திரி தோத்துட்டான்னு அர்த்தம்."

"எனக்கு நிக்கணும்ப்பா. ஒரு இடத்துல பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அதுக்குத்தான் கோடு."

மேஸ்திரி தகட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். இந்த ஊரில் அவர் பூசிய சுவர்கள் எத்தனை என்று அவருக்கே தெரியாது. அவற்றில் ஒன்றையும் யாரும் நின்று பார்த்ததில்லை. பார்க்கவிடாமல் பூசியதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். அதை இப்போதுதான், மகள் வாயால், காதாரக் கேட்டார்.

"பிடிப்புக்கு" என்றார் கடைசியில். "நாங்களும் பிடிப்புக்குத்தான் கீறுறோம். எங்களுக்குச் சாந்து பிடிக்கணும். உனக்குக் கண்ணு." தகட்டை மாற்றிப் பிடித்தார். "சரி, எழுந்திரு. இடது பக்கம்தான் முதல்ல ஏத்தினேன், அங்கதான் இறுகியிருக்கும். அங்கேர்ந்து வரணும். தகட்டைப் படுக்க வச்சு இழுக்கணும், நிமிந்துச்சுன்னா கீழ இருக்கிறதையும் பேத்துடும். முதல் இழுப்பு நான் இழுக்கிறேன்."

இழுத்தார். தோளில் ஆணி திரும்பியது. வெள்ளைப் பட்டி பென்சில் சீவலாகச் சுருண்டு காலடியில் விழுந்தது. இரண்டாவது இழுப்பு. மூன்றாவது. ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தில் சாம்பல் நிறம் தெரிந்தது. அதில் வெள்ளையாகக் கோடுகள்.

மேஸ்திரிக்கு முகம் செத்துப்போனது.

"போகலைம்மா. கீறலுக்குள்ள இறங்கிடுச்சு. நல்லாப் பிடிக்கட்டும்னு நானே அழுத்தி இழுத்தேன். உள்ள இருக்கிறதை எடுக்கணும்னா ஒவ்வொரு கோடா ஊசியை வச்சு..."

"தொடாதீங்க" என்றாள் குருவி.

"என்ன?"

"தொடாதீங்கப்பா. அங்க இன்னொரு இழுப்பு மட்டும் இழுங்க. அந்தப் பக்கம்."

இழுத்தார். அவள் சுவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்துபோனாள். பத்து அடி. பதினைந்து அடி. பாலித்தீன் உறை பிரிக்காத நாற்காலி வரிசையில் முட்டி நின்றாள்.

"மாமா, அந்த பல்பை அணைங்க."

பல்பு அணைந்தது. ஜன்னல் வெளிச்சம் மட்டும் இருந்தது. சாம்பல் தெரிந்த இடத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடின. யாரோ அப்போதுதான் இழுத்துவிட்டுப் போன மாதிரி, இன்னும் ஓடி முடியாத மாதிரி.

குருவிக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. நேற்று ஃபோனில் பயந்தது எதற்கு என்பது. அவளுடைய கோடுகள் சாம்பலில் சாம்பல். காலை பத்திலிருந்து பதினொன்று வரைக்கும் ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுகிற ஒரு மணி நேரம்தான் அவை தெரியும். அதற்குப் பிறகு சுவர் வெறும் சிமெண்ட். நாலு மணிக்கு நிர்வாகி வந்து நின்றால் பார்க்க எதுவும் இருக்காது. பத்து நாளாக அதற்கு வழி தேடினாள். கிடைக்கவில்லை. இப்போது அது, அப்பாவின் காலடியில் குப்பை சேரச் சேர, சுவரில் தெரிந்துகொண்டே வந்தது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

"இதுதான் வேணும்!" என்று கத்தினாள். "முழுக்க இப்படியே எடுங்க! கோட்டுக்குள்ள இருக்கிறது இருக்கட்டும்!"

"என்னடா இது, திட்டினா, அழுதா, இப்ப குதிக்கிறா" என்றாள் அம்மா தம்பியிடம்.

"அக்கா, இதுதான் கலை. அது அப்படித்தான்."

அதன் பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததைக் கல்யாண வீட்டு வேலை என்றுதான் சொல்ல வேண்டும். மேஸ்திரி ஏணிமேல். குருவி கீழ்ப்பாதி. மாமா வாளி வாளியாகத் தண்ணீர். சுரண்டின சாம்பல் பூச்சின் மேல் பால் சிந்தின மாதிரி லேசாக ஒரு வெள்ளை படிந்திருந்தது. அதை எடுக்கப் பஞ்சை நனைத்துத் தேய்க்கப் போன குருவியின் கையை அம்மா தட்டிவிட்டாள்.

"தேய்க்காதடி. தேய்ச்சா கோட்டுல இருக்கிறதும் கிளம்பி வரும். ஒத்து. ஒத்தி எடு. பஞ்சைப் பிழி, திருப்பு, மறுபடியும் ஒத்து. இருபது வருஷமா மத்தவங்க சட்டையில அதைத்தான் பண்றேன்."

ஒத்தினார்கள். மேஸ்திரிக்குக் கை வலித்தது, வாய் வலிக்கவில்லை. எட்டு மாதத்துப் பேச்சு எல்லாம் சேர்ந்து வந்தது. அந்த வளைவை ஏன் அங்கே திருப்பினாய், இந்தக் கோடு ஏன் பாதியில் நின்றது, இரண்டு நாள் பூச்சு சேர்கிற இடம் தெரியாமல் எப்படிச் சேர்த்தாய். அந்தக் கடைசிக் கேள்விக்கு அவள் பதில் சொன்னபோது, "அட!" என்று ஏணியிலிருந்து ஒரு படி இறங்கியே விட்டார்.

"ஒரு சந்தேகம் குருவி" என்றார் மாமா. "மச்சான் தெரியாமப் பண்ணினதுதானே இது? தெரியாம நடந்ததுக்கெல்லாம் கலைன்னு பேர் வைக்கலாமா?"

"நீ பொறந்ததும் தெரியாம நடந்ததுதான்" என்றாள் அம்மா, பஞ்சைப் பிழிந்தபடி. "உனக்குப் பேர் வைக்கலையா?"

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. குருவி ஓடிப்போய்ப் பிடித்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டே அவளும் சிரித்தாள்.

"நான் நெனச்சது ஒண்ணு, செஞ்சது ஒண்ணு, வந்தது ஒண்ணு" என்றார் அவர் மூச்சு வாங்க.

"எனக்கு எப்பவும் அப்படித்தான்ப்பா. நெனச்சது அப்படியே வந்துட்டா அன்னிக்கு வேலை மட்டம்னு அர்த்தம்."

"எங்க தொழில்ல அப்படிச் சொன்னா மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க."

"இது என்னடி, மொத்தத்துல?" அம்மா சுவரைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். "எனக்குப் பிழிஞ்ச துணியில விழுற மடிப்பு மாதிரி இருக்கு."

"கேபிள்" என்றார் மாமா. "லிஃப்ட் கேபிளைப் பிரிச்சுப் போட்டா இதேதான்."

"கீறல்" என்றார் மேஸ்திரி விடாமல்.

"எனக்கே தெரியாதும்மா" என்றாள் குருவி. "தெரிஞ்சா அதை எழுதி மாட்டியிருப்பேனே. எதுக்குப் பத்து நாள் உக்காந்து கீறணும்?"

மேல் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி இறுகிப்போய் வரவே இல்லை. மேஸ்திரி எவ்வளவோ பார்த்தார். "இருக்கட்டும்ப்பா" என்றாள். மூன்றரைக்கு ஏணியை எடுத்தார்கள். குப்பையை அள்ளினார்கள். நாலு பேரும் வேர்வையும் வெள்ளையுமாக, மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

நாலு மணிக்கு நிர்வாகி வந்தார். உயரமான அம்மாள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார், கையில் ஃபைல். வேகமாக வந்தவர் கூடத்தின் நடுவில் நின்றார். யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். பாலித்தீன் நொறுநொறுவென்று சத்தம் போட்டது.

"இது என்ன?"

குருவி வாயைத் திறந்தாள்.

"'நீங்க எதைப் பாக்குறீங்களோ அதுதான்'னு மட்டும் சொல்லாதே. போன தடவை ஒருத்தர் அப்படிச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் மரத்தை என் தலையில கட்டிட்டுப் போயிட்டார்."

"இது காத்திருக்கிறவங்களுக்கு மேடம். ஒரு கோட்டை அந்தக் கோடியில கண்ணால பிடிச்சுக்கிட்டு, விடாம இந்தக் கோடிக்கு வாங்க. வந்து சேர நேரமாகும். அதுவரைக்கும் வேற எதையும் நெனைக்க முடியாது."

நிர்வாகி கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அவர் தலை மெதுவாக இடமிருந்து வலமாக நகர்ந்தது. பாதியில் நின்றது. "விட்டுட்டேன்" என்றார், குழந்தை மாதிரி. மறுபடியும் ஆரம்பத்துக்குப் போனார். ஃபைல் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. மாமா ஒரு கண்ணால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு நிமிடம்.

எழுந்து நின்றபோது அந்த அம்மாளின் குரல் மாறியிருந்தது. "எங்கப்பாவை ஆஸ்பத்திரியில சேத்தப்ப நான் ஒரு தீயணைப்புக் கருவியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு நாள். அதுல எழுதியிருந்தது இன்னும் மனப்பாடமா இருக்கு." ஃபைலைக் குனிந்து எடுத்தார். "நாலு மாடியும் நீயே பண்ணு."

அம்மா மாமாவின் கையைக் கிள்ளினாள். மாமா வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினார்.

"ஒண்ணு சொல்லு" என்றார் நிர்வாகி. "கோட்டுக்குள்ள இந்த வெள்ளை. அதுதான் தூக்கி நிறுத்துது. இது யாரோட யோசனை?"

மேஸ்திரி வாளியோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"என்னோடதுதான் மேடம்" என்றாள் குருவி.

"நல்ல யோசனை. மத்த நாலுலயும் அதேதான் வேணும். இவங்க?"

"எங்கப்பா. உதவிக்கு வந்தாங்க."

"ஆமாங்க" என்றார் மேஸ்திரி, முகமெல்லாம் பல்லாக. "உதவிக்குத்தான்."

நிர்வாகியின் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்ததும் மாமா போட்ட கூச்சலில் கட்டடம் அதிர்ந்தது. குருவியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். "டைல்ஸ் கடைக்கு ஒரு கும்பிடு! ஏறுங்க எல்லாரும்! இன்னிக்கு லிஃப்டுக்குச் சோதனை ஓட்டம். கலை மேல போகுது, வழிவிடுங்க!"

"இதுல யாராவது முன்னாடி ஏறியிருக்காங்களாடா?" என்றாள் அம்மா.

"மணல் மூட்டை ஏறியிருக்கு. அது புகார் ஒண்ணும் பண்ணல."

லிஃப்ட் கிளம்பியதும் அம்மா ஒரு கையால் கணவரையும் ஒரு கையால் மகளையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மேஸ்திரி அண்ணாந்து லிஃப்டின் கூரையைப் பார்த்து, "இதுக்குப் பட்டி பாத்தது யாரு? மேடும் பள்ளமுமா இருக்கு" என்றார். "அது தகரம் மச்சான்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

நாலாவது மாடிக் கூடத்தில் வெறும் செங்கல் சுவர். மேஸ்திரி நேரே அதனிடம் போய் உள்ளங்கையால் தடவினார். தட்டிக் காது கொடுத்தார். "செங்கல் தேவலாம். திங்கக்கிழமை காலையிலேயே நனைச்சு வைக்கணும், மாப்ளே, தண்ணிக்குச் சொல்லிடு. குருவி, முதல் பூச்சு நீ போடு. கீறு. எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்க. இறுகினதும் பட்டியை நான் இழுக்கிறேன். உனக்கு அந்த அழுத்தம் வராது." கணக்காக அடி வைத்து நீளத்தை அளக்க ஆரம்பித்தார்.

அம்மா மகளின் பக்கத்தில் வந்து நின்றாள். சத்தமில்லாமல் கேட்டாள்:

"என்னோடதுன்னு சொன்னியே."

"வாய் தவறிடுச்சும்மா."

"தவறல. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

குருவி அப்பாவைப் பார்த்தாள். பதினாலு, பதினஞ்சு என்று எண்ணிக்கொண்டு போனார். தலை முழுக்க வெள்ளை.

"அப்பாவுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எவ்வளவு சந்தோஷமா இருக்கார் பாரு."

"அவருக்கு ஒண்ணும் இல்லதான். இத்தனை வருஷத்துல எந்தச் சுவத்துலயும் அவர் தன் பேரைத் தேடினதில்ல. நான் உன்னைக் கேக்குறேன்."

"சொல்லிடுறேன்."

"யார்கிட்ட? அந்தம்மாகிட்டயா, அவர்கிட்டயா?"

"ரெண்டு பேர்கிட்டயும்."

"எப்போ?"

"குருவி! இந்த நூலைப் பிடி!" என்று கூப்பிட்டார் மேஸ்திரி. எட்டு மாதமாகக் கூப்பிடாத குரல். அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள். நூல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விறைப்பாக நின்றது. அந்த முனையிலிருந்து அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார், இவளும் சிரித்தாள். சொல்வதற்கு அது நல்ல நேரம்தான். சொல்லவில்லை.

கீழே நிற்கிற சுவரில் பாதி அப்பாவுடையது. அந்தப் பாதியை அவள் இன்னும் அவருக்குக் கொடுக்கவில்லை.